16 ஓட்டில் தவறிய தேசம்!

உங்க காலேஜ் சேர்மன் எலெக்‌ஷன்ல ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் எத்தனை ஓட்டு வித்தியாசம்? ஐம்பது? நூறு? பதினாறே பதினாறு ஓட்டுல ஒரு தேசமே கை நழுவிப் போயிருக்கு பாஸ்! வருஷம் 2007. இடம், பசிபிக் பெருங்கடலுக்கு நட்டநடுவே இருக்கிற டோக்கெலாவ்.

பேரே புதுசா இருக்கா? உங்க டிபார்ட்மென்ட் சூப்பர் சீனியர் யாரையாவது பிடிச்சு, "அண்ணா, டாட் டி.கே. தெரியுமா?"ன்னு கேட்டுப் பாருங்க. முகம் மலர்ந்துடும். கையில காசில்லாம வெப்சைட் ஆரம்பிக்க நினைச்ச அந்தக் கால மாணவர்களுக்கெல்லாம் டாட் டி.கே.தான் தெய்வம். டாட் காமுக்குப் பணம் கட்டணும், டாட் டி.கே. இலவசம். சிம்போசியம் சைட், லவ் ஃபெயிலியர் கவிதை சைட், அபிமான நடிகருக்கு ரசிகர் மன்ற சைட்னு எல்லாம் அதுலதான் ஓடிச்சு. அந்த டி.கே. டோக்கெலாவோட நாட்டுக் குறியீடு. இந்தியாவுக்கு டாட் இன் மாதிரி, அவங்களுக்கு டாட் டி.கே.

2016 சென்சஸ்படி டோக்கெலாவ் மக்கள்தொகை 1,499. எங்க காலேஜ்ல ஒரு வருஷ செட்டே அதைவிட அதிகம்! ஆனா ஒரு கட்டத்துல டாட் டி.கே.யில பதிவான முகவரிகள் ரெண்டரைக் கோடியைத் தாண்டிச்சு. நாட்டுக் குறியீடுகள்ல சீனாவையும் ஜெர்மனியையும் பின்னுக்குத் தள்ளி நம்பர் ஒன். அந்தக் கதையோட க்ளைமாக்ஸுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல ஊரைச் சுத்திப் பார்த்துடலாம்.

மூணு மோதிரம்!

சமோவா தெரியும்ல? அங்கேயிருந்து வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் கடல்ல போனா மூணு பவளத்தீவுகள் வரும். அதாஃபு, நுகுனோனு, ஃபகாஓஃபோ. மூணுமே மேலேயிருந்து பார்த்தா கடல்ல கழட்டிப் போட்ட மோதிரம் மாதிரிதான் தெரியும். விளிம்புல மட்டும் தரை, நடுவுல அமைதியான பச்சை நிற உப்பேரி, வெளியே ஆழ்கடல்.

இது எப்படி உருவாச்சுன்னு 1842லேயே ஒரு புத்தகத்துல விளக்கிட்டார் டார்வின். ஆமாங்க, பரிணாமக் கொள்கை டார்வினேதான். கடலுக்கு நடுவே எரிமலை எழும்புது. அதைச் சுத்திப் பவளப்பூச்சிகள் சுவர் கட்டுது. எரிமலை தன் எடையால மெள்ள மெள்ள அமிழ, பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளருது. கடைசியில மலை காணாமப் போய், சுவர் மட்டும் வட்டமா மிஞ்சுது. அந்தச் சுவரோட மேல்தளத்துலதான் டோக்கெலாவ்காரங்க குடித்தனம் பண்றாங்க.

மூணையும் சேர்த்தாலே தரை சுமார் 12 சதுர கிலோமீட்டர்தான். பெரும்பாலான இடம் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல இல்லை. ஆறு கிடையாது, மலை கிடையாது. குடிக்கத் தண்ணி வேணும்னா வானம்தான் கருணை காட்டணும், கூரையில விழற மழையைத் தொட்டியில பிடிச்சு வெச்சுக்கறாங்க. மண்ணுன்னு சொல்றதே பவளத் தூள்தான். அதுல தென்னை வரும், தாழை வரும், ஈரப்பலா வரும். குழி தோண்டி இலைதழை போட்டு மக்கவெச்சா ஒரு வகைச் சேப்பங்கிழங்கு வரும். மத்ததெல்லாம் கடல்ல பிடிக்கணும், இல்லைன்னா கப்பல்ல வரணும்.

கப்பல்னதும் ஞாபகம் வருது. டோக்கெலாவுக்கு ஏர்போர்ட் கிடையாது! சமோவாவின் தலைநகர் ஆபியாவுல கப்பல் ஏறணும். முதல் தீவுக்குப் போய்ச் சேரவே ஒரு நாளைக்கு மேல ஆகும். அங்கே கப்பல் கரையோரமா வந்து நிக்கவும் முடியாது, துறைமுகம் இல்லை. பவளப்பாறையை வெட்டி வழி பண்ணியிருக்காங்க, சின்னப் படகுல இறங்கி அந்த இடுக்கு வழியா அலையோட அலையாப் போய்க் கரை சேரணும். நடுராத்திரி நெஞ்சுவலின்னா? தீவு ஆஸ்பத்திரியில முடிஞ்சதைப் பார்ப்பாங்க. அதுக்கு மேலன்னா நோயாளிக்கும் அதே கடல் பயணம்தான். இதை மனசுல வெச்சுக்குங்க, ஓட்டுக் கதைக்கு இது ரொம்ப முக்கியம்.

ஒரு குட்டி மேட்டர். 2011 டிசம்பர் 30ன்னு ஒரு நாளே டோக்கெலாவில் வரலை! 29ஆம் தேதி ராத்திரி தூங்கினவங்க 31ஆம் தேதி காலையில எந்திரிச்சாங்க. வியாபாரம் பண்ற நியூசிலாந்தோட கிழமை ஒத்துப்போகணும்னு சமோவா சர்வதேசத் தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தாவிச்சு. எல்லாத்துக்கும் சமோவாவை நம்பியிருக்கிற டோக்கெலாவும் கூடவே தாவிச்சு. அன்னிக்கு பர்த்டே இருந்தவங்க பாவம்!

பாதி ஊரைக் காணோம்

சிரிச்சது போதும், கொஞ்சம் சீரியஸ். 1863. பெரு நாட்டுல தோட்டங்களுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் வேணும். அடிமை பிடிக்கிற கப்பல்கள் பசிபிக் தீவுகளை வலைபோட்டுத் துழாவ ஆரம்பிச்சது. டோக்கெலாவுக்கும் வந்தது. 250 பேருக்கு மேல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அது அப்போதைய மக்கள்தொகையில கிட்டத்தட்ட பாதி! பெரும்பாலும் உடம்புல தெம்பிருந்த ஆம்பளைங்க. போனவங்கள்ல பெரும்பாலானவங்க நோய்ல செத்தாங்க, திரும்பினவங்க விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். மிச்சமிருந்த பாதி ஜனம் மறுபடி எழுந்து உருவாக்கினதுதான் இன்னிக்கு இருக்கிற ஊர்.

அதுக்கப்புறம் 1889ல பிரிட்டன் 'பாதுகாப்பு' கொடுத்தது. 1916ல வேறொரு தீவுக் கூட்டத்தோட சேர்த்துக் கட்டினாங்க, 1926ல அவிழ்த்து நியூசிலாந்து கையில கொடுத்தாங்க. 1949 ஜனவரி 1லிருந்து சட்டப்படியே நியூசிலாந்தோட ஒரு பகுதி. யாரும் யாரையும் கேட்கலை. நாலாவதா ஒலோஹெங்கான்னு ஒரு தீவும் உறவுக்காரத் தீவுதான். அது 1925ல அமெரிக்கன் சமோவாவோட போயிடுச்சு. மத்த மூணு தீவு மேல தனக்கு இருந்த உரிமையை அமெரிக்கா விட்டுக்கொடுக்க, பதிலுக்கு ஒலோஹெங்கா மேல இவங்க உரிமையை விட்டுக்கொடுக்கன்னு 1980ல ஒப்பந்தம் போட்டாங்க. தன்னோட சொந்தத் தீவைத் தனக்கே சர்ட்டிஃபிகேட் வாங்க இன்னொரு தீவைக் கொடுத்த கதை!

தலைநகரம் இல்லாத நாடு

டோக்கெலாவின் தலைநகரம் எது? பொது அறிவுப் போட்டியில கேட்டா பெஞ்சைத் தட்டாம உட்காருங்க. இல்லைங்கிறதுதான் ஆன்சர். மூணு தீவும் சமம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நிர்வாகம்.

நிஜமான அதிகாரம் ஊர்ப் பெரியவங்க சபைகிட்ட இருக்கு. பேரு தௌபுலேங்கா. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்மக்கள் ஓட்டுப் போட்டு ரெண்டு பேரைத் தேர்ந்தெடுப்பாங்க. ஃபைபூலேன்னா வெளி விவகாரத்துக்கான தலைவர், புலேநுகுன்னா ஊர் நிர்வாகம் பார்க்கிறவர். மூணு ஃபைபூலேக்களும் முறை வெச்சு மொத்த டோக்கெலாவுக்கும் தலைவராகறாங்க. அந்தப் பதவிக்கு 'உலு' என்று பெயர். தலைன்னு அர்த்தம். ஆக, 'தல' அங்கே அஃபிஷியல்! மூணு தீவுக்கும் பொதுவான விஷயங்களுக்கு ஜெனரல் ஃபோனோ என்கிற சபை. அது கூடறப்ப உறுப்பினர்கள் தீவுக்குத் தீவு கப்பல்ல போகணும்.

கட்சிகள் இல்லை. நியூசிலாந்து நியமிக்கிற நிர்வாகி ஒருத்தர் உண்டு, ஆனா அவர் அங்கே குடியிருக்கிறதில்லை. அவர் கையில இருந்த அதிகாரங்களையும் 1994லிருந்து ஒண்ணொண்ணா ஃபோனோவுக்கே மாத்திட்டாங்க. 2004ல ஊர்ச் சபைகளே ஆதாரம்னு ஆயிடுச்சு.

என்னை அசத்தினது இதெல்லாம் இல்லை, 'இனாட்டி'. ஊர் சேர்ந்து மீன் பிடிச்சிட்டு வந்தா, அது பிடிச்சவனுக்குச் சொந்தமில்லை. கரையில மொத்தமா கொட்டி, குடும்பத்துல எத்தனை தலையோ அதுக்கேத்த மாதிரி பங்கு பிரிப்பாங்க. கடலுக்குப் போக ஆம்பளை இல்லாத வீடா? பங்கு உண்டு. கைக்குழந்தையா? பங்கு உண்டு. படுத்த படுக்கையா கிடக்கிற தாத்தாவா? அவருக்கும் உண்டு. நம்ம ஹாஸ்டல்ல வீட்டுலேர்ந்து வந்த முறுக்கு டப்பாவுக்கு நடக்கிறதும் பங்கீடுதான், ஆனா அதுக்குப் பேரு கொள்ளை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கு. கையில இருக்கிறது கொஞ்சமா இருந்தா யாரும் விட்டுப் போயிடக் கூடாதுன்னு பார்க்கிற ஊர் இது. ஒரு முடிவு எடுக்கிறப்பவும் அப்படித்தான். 51க்கு 49ன்னு ஜெயிச்சுட்டுப் போறது அவங்களுக்கு ஜெயிப்பே இல்லை.

பெட்டி கப்பலேறிச்சு!

ஐ.நா. சபைகிட்ட ஒரு லிஸ்ட் இருக்கு. இன்னும் சுயாட்சி கிடைக்காத பகுதிகள் எவைன்னு. ஒரு காலத்துல நீளமா இருந்த லிஸ்ட், இப்ப 17ல வந்து நிக்குது. அதுல டோக்கெலாவும் ஒண்ணு. "எங்க பேர்ல காலனி எதுக்கு?"ன்னு நியூசிலாந்துக்கு சங்கடம். 2004ல அந்நாட்டுப் பிரதமர் ஹெலன் க்ளார்க் டோக்கெலாவுக்கே போய் வந்தார். எங்களைப் போகச் சொல்லுங்கன்னு ஆள்றவங்களே வந்து கேட்டது உலகத்துல அபூர்வமான விஷயம் இல்லையா!

ஓட்டுக்கு வந்த கேள்வி முழு சுதந்திரமான்னு இல்லை. 'நியூசிலாந்தோட சுதந்திரக் கூட்டுறவில் சுயாட்சி' வேணுமா என்பதுதான். பக்கத்துல குக் தீவுகளும் நியுவேயும் அப்படித்தான் இருக்கு. சொந்த அரசு, ஆனா நியூசிலாந்து குடியுரிமை தொடரும், உதவியும் தொடரும். வேணும்னு சொன்னா ஐ.நா. லிஸ்ட்லேர்ந்து பேரு எடுத்துடுவாங்க.

ஃபோனோ தானே ஒரு கண்டிஷன் போட்டுக்கிச்சு. பாதிக்கு மேலன்னா பத்தாது, மூணுல ரெண்டு பங்கு 'ஆமாம்' வேணும்.

2006 பிப்ரவரி. ஐ.நா. பார்வையாளர்கள் முன்னால முதல்ல ஆபியாவுல இருந்தவங்க ஓட்டுப் போட்டாங்க. அப்புறம் ஓட்டுப்பெட்டி கப்பலேறிச்சு. தீவுக்கு ஒரு நாள். பதிவான 581 ஓட்டுல 349 'ஆமாம்', 232 'வேணாம்'. அதாவது 60 சதவிகிதம். நம்ம யுனிவர்சிட்டி ரிசல்ட்னா ஃபர்ஸ்ட் க்ளாஸ், டோக்கெலாவில் ஃபெயில். தேவைப்பட்டது 388.

சரி, அரியர் எழுதலாம்னு முடிவு பண்ணாங்க. 2007 அக்டோபர். மறுபடி பெட்டி, மறுபடி கப்பல். இந்தத் தடவை 692 ஓட்டு. 'ஆமாம்' 446, 'வேணாம்' 246. மூணுல ரெண்டு பங்குக்கு 462 வேணும். கால்குலேட்டரை எடுங்க... பதினாறு!

ஏன் வேணாம்னாங்க?

'சுதந்திரம் வேணாம்னு சொல்ற முட்டாள்கள் உண்டா?'ன்னு எனக்கும் முதல்ல தோணிச்சு. படிக்கப் படிக்க, அந்த 246 பேரை முட்டாள்னு சொல்ல வாய் வரலை.

யோசிச்சுப் பாருங்க. அன்றாட அதிகாரம் ஏற்கெனவே ஊர்ச் சபை கையில. ஆளுநர்னு ஒருத்தர் வந்து அதட்டறதில்லை. அப்ப புதுசா என்ன கிடைக்கும்? கௌரவம். என்ன போகும்? போகாதுன்னு ஒப்பந்தம் சொல்லுது. ஆனா சம்பளம், ஸ்கூல், கப்பல், ஆஸ்பத்திரி எல்லாம் வேற ஒருத்தர் பட்ஜெட்டுலேர்ந்து வர்றப்ப, "இனி நீங்க தனி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நாளைக்கு அவங்க மனசு மாறாதாங்கிற பயம் நியாயம்தானே? நெஞ்சுவலி வந்தா ஒரு நாள் கடல் பயணம் பண்ற ஊர்ல அந்தப் பயத்துக்கு எடை ஜாஸ்தி.

இன்னொரு சிக்கல், ஆளுங்க. 2018 கணக்குப்படி நியூசிலாந்துல வாழற டோக்கெலாவ் வம்சாவளியினர் 8,676 பேர். ஊர்ல இருக்கிறவங்களைப் போல அஞ்சாறு மடங்கு! 1960கள்லேயே நியூசிலாந்து அரசு ஒரு குடியேற்றத் திட்டம் போட்டு ஆட்களை அழைச்சுக்கிச்சு. இன்னிக்கு வெலிங்டன் பக்கத்துல டோக்கெலாவ் சர்ச் உண்டு, நடனக் குழு உண்டு. 'மோனா' படத்துக்குப் பாட்டு எழுதின ஒபெடாயா ஃபோவாயி அப்பா வழியில டோக்கெலாவ்காரர்தான், அந்தப் படத்துல டோக்கெலாவ் மொழியே ஒலிக்குது. ஆனா நியூசிலாந்துல இருக்கிற சொந்தங்களுக்கு அந்த ஓட்டெடுப்புல ஓட்டு இல்லை. "எங்களைக் கேட்காம எப்படி?"ன்னு அங்கேயிருந்து குரல் வந்தது. வாக்குரிமை இல்லாட்டி என்ன, ஃபோன் இருக்கே! மாமா கூப்பிட்டு "வேணாம்டா"ன்னு சொன்னா மருமகன் யோசிக்க மாட்டானா?

அதே சமயம் 446 பேரையும் மறக்கக் கூடாது. 1863ல யாரோ வந்து பாதி ஊரை அள்ளிக்கிட்டுப் போனாங்க, அப்புறம் யார் யாரோ எழுதின காகிதத்துல கை மாறினாங்க. தன் கையெழுத்துல ஒரு காகிதம் வேணும்னு நினைச்சவங்க அவங்க. எனக்கு அங்கே ஓட்டு இருந்திருந்தா எந்தப் பக்கம் போட்டிருப்பேன்? நிஜமாவே இழுபறிதான். ஆனா மூணுல ரெண்டு பங்குன்னு தாங்களே போட்ட விதியை, பதினாறு ஓட்டுக்காகத் திருத்தலாமேன்னு அவங்க குறுக்கு வழி தேடலை பாருங்க... அந்த இடத்துல எழுந்து நின்னு சல்யூட் அடிச்சேன்.

வெயில் தந்த கரன்ட்

இவங்களால தனியா எதுவும் முடியாதுன்னு நினைச்சுடாதீங்க. எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட் மக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. 2012 வரைக்கும் டோக்கெலாவில் டீசல் ஜெனரேட்டர்தான். அந்த டீசலும் பேரல் பேரலாக் கப்பல்ல வந்து, படகுல இறங்கணும். 2012ல நியூசிலாந்து பண உதவியோட மூணு தீவுலேயும் 4,032 சோலார் பேனல், 1,344 பேட்டரி வெச்சாங்க. ராத்திரிக்கு பேட்டரி, அடைமழைக்கு மட்டும் ஜெனரேட்டர். கிட்டத்தட்ட மொத்த மின்சாரத்தையும் வெயில்லேயே எடுத்த முதல் இடம்னு உலகமே திரும்பிப் பார்த்தது.

எங்க பவர் சிஸ்டம்ஸ் பேப்பர்ல 'லோடு க்ரோத்'னு ஒரு சாப்டர் உண்டு. அது அங்கேயும் வேலையைக் காட்டிச்சு. கரன்ட் தாராளமாக் கிடைச்சதும் வீட்டுக்கு வீடு ஃப்ரீஸர் வந்தது, டீசலும் மறுபடி எட்டிப் பார்த்தது. அதுக்கேத்த மாதிரி பேனலை ஏத்த வேண்டியதாச்சு.

டெலிபோன் எட்டிப் பார்க்கவே 1997 ஆச்சு, உலகத்துலேயே கடைசி வரிசை. 2022ல கடலடி ஃபைபர் கேபிளே வந்துடுச்சு. நடுவுல வந்ததுதான் நம்ம டாட் டி.கே. ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து யோஸ்ட் ஸூர்பியர்னு ஒருத்தர் பேசி முடிச்ச டீல். முகவரி இலவசம், கைவிட்ட சைட்கள்ல விளம்பரம் போட்டுக் காசு, அதுல ஒரு பங்கு தீவுக்கு. ஆனா இலவசம்னா யார் வருவாங்க? நம்மளும் வருவோம், ஃப்ராடும் வருவான். போலி பேங்க் பக்கம், ஸ்பாம்னு உலகத் திருடனெல்லாம் அங்கே டென்ட் அடிச்சான். அந்தக் கம்பெனியோட பேரு ஃப்ரீநாம். 2023 தொடக்கத்துல புதுப் பதிவுகளை நிறுத்திச்சு, அதே வருஷம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் மெட்டா தொடுத்த வழக்கு வெளியே வந்தது. 2024ல மெட்டாவோட சமரசம் பேசி, டொமைன் தொழிலுக்கே முழுக்குப் போடறதா அறிவிச்சுது. ரெண்டரைக் கோடி முகவரியில எத்தனை பேருக்கு டி.கே.ன்னா ஒரு ஊருன்னு தெரிஞ்சிருக்கும்?

பெரிய வருமானம் எப்பவும் கடல்தான். தரை 12 சதுர கிலோமீட்டர்னாலும், சுத்தி சுமார் 3,19,000 சதுர கிலோமீட்டர் கடல் அவங்க பொருளாதார மண்டலம். தமிழ்நாட்டைப் போல ரெண்டரை மடங்கு! அங்கே சூரை மீன் பிடிக்க வர்ற வெளிநாட்டுக் கப்பல்கள் லைசென்ஸ் பணம் கட்டணும்.

கடல் கொடுக்குது, அதே கடல் எடுக்கவும் பார்க்குது. 2005ல பெர்சி புயல் அடிச்சப்ப அலை ஊருக்குள்ளேயே புகுந்துச்சு. ஃபகாஓஃபோ ஜனங்க பெரும்பாலும் ஒரே ஒரு குட்டித் தீவுத்துண்டுல நெருக்கியடிச்சு வாழறாங்க, சுத்திச் சுவர். ஐந்து மீட்டர் உயரத்துல உட்கார்ந்துக்கிட்டு கடல் மட்டம் ஏறுதுன்னு செய்தி படிக்கிறவங்களுக்கு 'சுயாட்சி'ங்கிற வார்த்தை நமக்குப் படற மாதிரியா படும்?

2007க்கு அப்புறம் ஓட்டெடுப்பை ஓரமா வெச்சுட்டு, முதல்ல கப்பல், ஸ்கூல், ஆஸ்பத்திரியைப் பார்ப்போம்னு இறங்கிட்டாங்க. 2009ல சொந்தக் கொடி வந்தது. நீலத்துல மஞ்சள் பாய்மரப் படகு, பக்கத்துல நாலு நட்சத்திரம். 2016ல 'மதாலிகி'ன்னு சொந்தப் பயணிகள் கப்பல் வந்தது. நியூசிலாந்து கைக்கு வந்து 2026ல நூறு வருஷம்.

ஒவ்வொரு தீவுலேயும் ஒரு ஸ்கூல் இருக்கு. காலேஜ் கிடையாது. நம்ம வயசுப் பையனோ பொண்ணோ மேல படிக்கணும்னா ஒரே வழி, கரையிலேர்ந்து சின்னப் படகு, அதுலேர்ந்து மதாலிகி, ஆபியாவுல ஃப்ளைட், வெலிங்டன்லேயோ ஆக்லாந்துலேயோ ஹாஸ்டல். படிச்சு முடிச்சா வேலை அங்கே, கல்யாணம் அங்கே. நியூசிலாந்து பாஸ்போர்ட் பிறக்கும்போதே கையில இருக்கு, தடுக்க யாருமில்லை. 2007ல இருந்த விதிப்படி, அப்படிக் கப்பலேறி அங்கேயே தங்கிட்டவங்களுக்கு ஓட்டும் இல்லை. அந்தப் பதினாறு பேர் வெலிங்டன்ல ஏதோ ஒரு பஸ் ஸ்டாப்பிலேயே நின்னுக்கிட்டு இருந்திருப்பாங்க.